வேர்நுனியில் செல் பிரிவது தெரியவில்லையா?

கேள்வி: பிளஸ் 1 மாணவர்களுக்கு வெங்காய வேர்நுனியில் மைட்டாசிஸ் காட்ட மூன்று முறை முயன்றேன். உருண்டை உருண்டையாக நியூக்ளியஸ்தான் தெரிகிறது. குரோமோசோம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சாயம் சரியில்லையா?
- ஓர் உயிரியல் ஆசிரியை

பதில்: நியூக்ளியஸ் சிவந்திருக்கிறது என்றால் அசிட்டோகார்மைன் சாயத்தின் மேல் பழி போடாதீர்கள். முதலில் செல்லின் வடிவத்தைப் பாருங்கள். செங்கல் போல நீண்டிருந்தால், நீங்கள் நசுக்கியது நுனியை அல்ல, அதற்கு மேலுள்ள நீட்சிப் பகுதியை. அங்கே செல்கள் நீளுமே தவிரப் பிரிவதில்லை. பிரிகிற செல்கள் வேர்மூடியை அடுத்த ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். சாயம் ஏறியபின் குண்டூசித் தலை அளவுக்கு அடர்சிவப்பாகத் தெரிவது அதுதான். பிளேடால் அதை மட்டும் நறுக்கி வைத்துக்கொண்டு மீதியைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் வேரை அப்படியே நசுக்குவதுதான் ஆய்வகங்களில் நான் அதிகம் பார்த்த தவறு.

செல்கள் சதுரமாக, பெரிய நியூக்ளியஸோடு இருந்தால் இடம் சரி. அப்போதும் பெரும்பாலானவை உருண்டையாகவே தெரியும். மனிதச் செல்லின் 24 மணி நேரச் சுழற்சியில் பிரிவதற்குச் செலவாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். வெங்காயத்திலும் ஒரு பிரிவுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள இடைநிலைதான் நீளம். பழைய நூல்கள் அதை ‘ஓய்வு நிலை’ என்றன. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. செல் வளர்வதும் டி.என்.ஏ. இரட்டிப்பதும் அந்த உருண்டை நிலையில்தான். 1953இல் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீஃபன் பெல்க்கும் இதைக் காட்டியதும் வேர்நுனியில்தான்: ஃபாபா பீன்ஸ் வேருக்குக் கதிரியக்க பாஸ்பரஸ் ஊட்டி, இடைநிலையின் ஒரு பகுதியில் மட்டுமே டி.என்.ஏ. உருவாவதைக் கண்டார்கள். வெங்காயத்தின் டி.என்.ஏ. நம்முடையதைப்போல ஐந்து மடங்கு; நகலெடுக்க அதற்கு நேரம் வேண்டாமா?

அடுத்த முறை, புதிதாக விட்ட 2 செ.மீ. வெள்ளை வேரைக் காலையில் வெட்டி, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு, எத்தனால் மூன்று பங்கு கலந்ததில் 24 மணி நேரம் போட்டு வையுங்கள். சாயத்தோடு ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, கொதிக்காமல் சூடு காட்டினால் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகும். கவர்சிலிப்பைப் பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டி, மேலே ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் வழுக்கினால் எல்லாம் சிதைந்துவிடும்.

16 குரோமோசோம்களும் எண்ணும்படி விரிந்து கிடக்கும் செல் அபூர்வம். பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த குவியல்தான் கிடைக்கும். மாணவர்கள் ரெக்கார்டில் குவியலாகவே வரையட்டும்.