பேக்கேஜ் 20 லட்சம், கையில் எவ்வளவு?

வணக்கம் சார்,
மகள் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். மூன்று வருட அனுபவம், ஆண்டுக்கு 9 லட்சம் சம்பளம். கேட் நுழைவுத் தேர்வு எழுதி, புதிய ஐஐஎம் ஒன்றில் எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 22 லட்சம், முழுக்கக் கடன்தான். சராசரி பேக்கேஜ் 20 லட்சமாம். வேலையை விடச் சொல்லலாமா?
எஸ்., மடிப்பாக்கம்

அன்புள்ள எஸ்.,

சராசரியை நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலை, முதலீட்டு வங்கி என்று நாலு பேருக்குப் பெரிய தொகை கிடைத்தாலே அது ஏறிவிடும். மீடியனைப் பாருங்கள், அதாவது வகுப்பில் நடுவில் நிற்பவரின் சம்பளம். கடைசிக் கால்வாசிப் பேருக்கு என்ன கிடைத்தது என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள்.

அப்புறம், அந்த 20 லட்சம் சி.டி.சி. கணக்கு, அதாவது ஒரு ஊழியருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. ஜாயினிங் போனஸ் ஒரே தடவைதான். வேரியபிள் பே கம்பெனி மனது வைத்தால். பி.எஃப்.பில் கம்பெனி போடும் பங்கு, கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள்தான். இவற்றோடு வரியும் போனால் மாதம் கைக்கு வருவது ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கும். 22 லட்சம் கடனுக்குப் பத்து சதவீத வட்டியில் பத்து வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 29,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. மும்பையிலோ குர்கானிலோ வேலை என்றால் வாடகையும் உண்டு. (கல்யாண வீடுகளில் 'பேக்கேஜ் எவ்வளவு' என்று கேட்பவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை!)

பெயர் பெற்ற இடம் என்றால் வேலை நிச்சயம் என்பதும் இப்போது இல்லை. ஹார்வர்டில் 2024இல் எம்.பி.ஏ. முடித்து வேலை தேடியவர்களில் 23 சதவீதம் பேருக்கு மூன்று மாதம் கழித்தும் வேலை அமையவில்லை. 2022இல் அது 10 சதவீதம்.

இருந்தாலும் அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐஐஎம் என்றால் யோசிக்காமல் போகச் சொல்வேன். இங்கே, விடப்போகும் இரண்டு வருடச் சம்பளத்தையும் சேர்த்தால் செலவு 40 லட்சம். சம்பளம் கூடினால் போதும் என்றால் கம்பெனி மாறிப் பார்க்கட்டும். கோடிங்கை விட்டு ஃபைனான்ஸுக்கோ மார்க்கெட்டிங்குக்கோ போக ஆசை என்றால் படிக்கட்டும், அந்தக் கதவு வெளியிலிருந்து எளிதில் திறக்காது. எது என்று அவளிடமே கேளுங்கள். கடிதத்தில் அவள் விருப்பம் எங்கேயும் இல்லை.

இன்னொன்று, கல்விக் கடன் வட்டிக்கான வரிச்சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் கிடையாது.