சவாரி மாடு லொறியில் தடுமாறாமல் நிற்க என்ன செய்யலாம்?

வட்டுக்கோட்டையிலிருந்து கிளிநொச்சிச் சவாரிக்கு, அதாவது மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு, லொறியில் கொண்டுபோன மாடு இறங்கும்போது கால் நடுங்குகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வழி முழுக்க விழாமல் நிற்கப் பாடுபட்டிருக்கிறது, அதுதான் காரணம். மாட்டின் பாரத்தில் பாதிக்கு மேல் முன்கால்களில்தான் இருக்கிறது, பிரேக் போட்டதும் இன்னும் முன்னால் தள்ளும், அப்போது அது கால்களை அகட்டி, தலையைத் தாழ்த்தித்தான் சமாளிக்கும். நம்மவர்கள் தலையைத் தூக்கி மூக்கணாங்கயிற்றிலேயே இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பெரிய பிழை. வழுக்கினால் முழுப் பாரமும் மூக்கில் விழும். கழுத்துக் கயிற்றில், தலை தாழ்த்த இடம் விட்டு, ஆனால் முன்கால் சிக்காத அளவுக்குக் கட்டுங்கள்.

அப்புறம் லொறியின் அடித்தட்டு. வெறும் தகரத்தில் சாணமும் மூத்திரமும் பட்டால் பாசி மாதிரி வழுக்கும், அதனால் முதலில் மணல், மேலே வைக்கோல். ஒருமுறை மணல் போடாமல் போய், எங்கள் வெள்ளையன் ஒரு வளைவில் முழங்காலில் விழுந்தான், தோல் உரிந்து சிவந்திருந்ததைப் பார்த்து அன்று அவனை ஓட விடவே மனம் வரவில்லை.

சோடியைப் பிரிக்காமல் பக்கத்தில் நிறுத்துங்கள், பழகிய துணை இருந்தால் பதறாது. வெயிலுக்கு முன், விடியற்புறமே புறப்படுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கச் சாரதியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.