என்ஜின் கவரில் ஆயில் கசிவா? இன்னும் ஒரு முறுக்கு வேண்டாம்

காரைக்குடிப் பக்கத்து பைக்காரர்களின் கேள்விகளுக்கு ஊர் மெக்கானிக் ஒருவரின் பதில்கள்.

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, கிளட்ச் கவர் ஓரத்தில் ஆயில் கசிகிறது. போல்ட்டுகளை நன்றாக இறுக்கியும் நிற்கவில்லை.

இறுக்கியதால்தான் நிற்கவில்லை தம்பி. அவை பெரும்பாலும் 8 நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற 6 எம்எம் போல்ட்டுகள், ஏறியிருப்பதோ அலுமினியத்தில். சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். உங்கள் வண்டிக்குரிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நீள ரெஞ்சில் பலத்தைக் காட்டினால் போல்ட்டைச் சுற்றி மட்டும் கவர் அமுங்கும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே தூக்கிக்கொள்ளும். ஆயில் அந்த வழியாக வரும்.

கவரைக் கழற்றுங்கள். கவருக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தாள்தான் பேக்கிங். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. புதுப் பேக்கிங் வைத்து, எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். அப்புறம் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையா? சின்ன டி ஸ்பேனர் எடுங்கள், பலம் தானாகக் குறையும்.

புதுவயலிலிருந்து: எங்கே கசிகிறது என்றே தெரியவில்லை. அடியில் முழுக்கச் செம்மண்.

கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடத்தில் முகப் பவுடர் தூவி, கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிடுங்கள். ஈரமாகும் இடம்தான் கசிவு. ஓட்டிப் பார்த்தால் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளி ஏமாற்றிவிடும். ஆயில் அளவு கூடியிருக்கிறதா, என்ஜின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயை மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் எந்த பேக்கிங்கும் தாங்காது.

கானாடுகாத்தானிலிருந்து: பேக்கிங் வேண்டாம், பேஸ்ட் போதும் என்கிறார்களே?

பேக்கிங் வைக்கும்படி செய்த கவருக்குப் பேக்கிங்தான். கூடுதல் பேஸ்ட் உள்ளே பிதுங்கி, ஆயிலை வடிகட்டும் வலையை அடைக்கும்.

பள்ளத்தூரிலிருந்து: ஒரு போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மரை போய்விட்டது. ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டால் சரியாகும். எம்சீல் வைத்து அடைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். போல்ட்டுகள் இடம் மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. ஒரே கவரில் நீளம் வேறுவேறாக வரும். குட்டை போல்ட் நாலு மரை மட்டும் பிடித்துப் பிய்த்துக்கொண்டு வரும். நீளமானது அடிதட்டி நிற்கும், இறுகிய மாதிரி இருக்கும், கவர் பிடித்திருக்காது. கழற்றும்போதே அட்டையில் கவர் வடிவம் வரைந்து, அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வையுங்கள்.

ஆத்தங்குடியிலிருந்து: வீட்டுத் தரைக்கல்லில் சொட்டிக் கறையாகிவிட்டது, ஆச்சி திட்டுகிறார்கள்.

திட்டத்தான் செய்வார்கள். சிமென்ட் கல், எண்ணெயை உறிஞ்சிவிடும். கசிவு நிற்கும்வரை வண்டி வாசலிலேயே நிற்கட்டும்.