"விதி இருக்கு" என்கிறார்கள், எந்த விதி? கலிபோர்னியாவில் தேடிப் பிடிக்கும் வழி

கேள்வி: சான் ஹோசேயில் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். எட்டுக் குழந்தைகள் வரை பார்த்துக்கொள்ள உரிமம் இருக்கிறது. பின்பக்கத் தோட்டத்தில் ஒரு சின்ன மீன்குளம். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "மேலே வலை போட்டால் போதாது, சுற்றி ஐந்தடி வேலி வேண்டும், எங்கள் கையேட்டில் இருக்கிறது" என்றார். அது எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன், தலை சுற்றுகிறது. அடுத்ததாக 14 குழந்தைகளுக்கான உரிமம் வாங்க எண்ணம்; அதற்கு நகராட்சி அனுமதியும் வேண்டும் என்கிறார்கள். இதற்கிடையில் விதிகள் மாறப்போவதாக வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. எதை நம்புவது? நாங்கள் ஏதாவது சொன்னால் அரசு கேட்குமா?

பதில்: அந்த அதிகாரி சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதை நீங்களே கண்டுபிடிக்க முடியும். அதற்கு முதலில், உங்களைக் கட்டுப்படுத்தும் எழுத்து எந்தெந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

மேலே இருப்பது சட்டம். சட்டமன்றம் நிறைவேற்றியது. உங்கள் தொழிலுக்கு அது சுகாதார மற்றும் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 1596, 1597 என்று தொடங்கும் பிரிவுகளில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒழுங்குவிதிகள். சட்டம் கொடுத்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு மாநில சமூகசேவைத் துறை எழுதுவது. சட்டப்படி முறையாகக் கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதிக்குச் சட்டத்தின் பலம் உண்டு. மீறினால் அபராதம் வரும், உரிமத்துக்கே ஆபத்து வரலாம். மூன்றாவதாக, துறை தன் அதிகாரிகளுக்கு எழுதிக்கொடுக்கும் கையேடு, உரிமதாரர்களுக்கு அனுப்பும் 'பின்' எனப்படும் அறிவிப்புகள், இணையதளத்துக் கேள்வி-பதில் பக்கங்கள். கவுன்டரில் இருப்பவர்களும் ஆய்வுக்கு வருபவர்களும் பெரும்பாலும் இந்த மூன்றாவதை வைத்துத்தான் பேசுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்குப் பயிற்சியே அதில்தான். ஆனால் நீங்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

ஆகவே யாராவது "விதி இருக்கு" என்றால் வாக்குவாதம் வேண்டாம். "பிரிவு எண் சொல்ல முடியுமா? ஒரு மின்னஞ்சலில் அனுப்பினால் உதவியாக இருக்கும்" என்று கேளுங்கள். கோபமில்லாமல் கேட்டால் பெரும்பாலானோர் அனுப்பிவிடுவார்கள். ஆய்வறிக்கையில் குறை என்று எழுதியிருந்தால் பிரிவு எண் அதிலேயே இருக்கும்.

எண் கிடைத்ததும் கூகுளில் போடாதீர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய பிடிஎஃப் ஒன்று முதலில் வந்து நிற்கும். கலிபோர்னியா ஒழுங்குவிதித் தொகுப்பை வெஸ்ட்லா என்ற சட்டத் தரவுத்தளம் மாநிலத்துக்காக இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. துறைகள் எழுதும் ஒழுங்குவிதிகளைச் சரிபார்க்கும் நிர்வாகச் சட்ட அலுவலகத்தின் தளத்திலிருந்து அங்கே போகலாம். இந்த அலுவலகத்தை எல்லாரும் ஓஏஎல் என்றுதான் சொல்வார்கள். தொகுப்பில் 28 தலைப்புகள். உங்களுடையது தலைப்பு 22, பகுதி 12. அதில் அத்தியாயம் 1 காப்பக மையங்களுக்கு, அத்தியாயம் 3 வீட்டில் நடத்துபவர்களுக்கு. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 101 என்று தொடங்கும் ஆறிலக்க எண் மையங்களுக்கானது. உங்களுக்கானது 102 என்று தொடங்கும். மையத்துக்கான விதியை வீட்டுக்குப் பொருத்திப் பார்த்துப் பயந்துபோனவர்கள் உண்டு.

இப்போது உங்கள் குளம். தேட வேண்டிய பிரிவு 102417. நீச்சல் குளம், ஹாட் டப், மீன்குளம் எனப் பெயர் சொல்லியே அது குறிப்பிடுகிறது. குழந்தைகள் நெருங்க முடியாதபடி செய்ய அது இரண்டு வழி தருகிறது: மூடி அல்லது வேலி. வேலி என்றால் குறைந்தது ஐந்தடி, அதுவும் குளத்தைக் கண்ணிலிருந்து மறைக்காத வேலி. கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து தானாகவே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். மூடி என்றால் ஒரு பெரிய ஆள் ஏறி நின்றாலும் தாங்க வேண்டும், பூட்டியிருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் வலை இதில் தேறாது, அதில் அதிகாரி சொன்னது சரி. வேலிதான் போட வேண்டும் என்பது மட்டும் அந்தப் பிரிவில் இல்லை. சின்னக் குளம் என்கிறீர்கள், பூட்டக்கூடிய பலமான மூடி உங்களுக்கு மலிவாகவே முடியலாம். ஆர்டர் கொடுப்பதற்கு முன் இன்றைய தேதிக்கான உரையைத் திறந்து படியுங்கள்; நான் இங்கே சொல்வது சாரம்தான். மேலேயுள்ள சட்டத்திலும் நீர்நிலை பற்றிப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று சேர்த்தே பாருங்கள்.

அதே பிரிவில் இன்னொரு வேடிக்கை. வேலியின் அடிப்பக்கமும் பக்கவாட்டும் எப்படி இருக்க வேண்டும் என்று அது விவரிப்பதில்லை. 1994-ஆம் ஆண்டின் சீரான கட்டட விதித் தொகுப்பை (யூனிஃபார்ம் பில்டிங் கோட்) பார் என்று கைகாட்டிவிடுகிறது. கட்டடத் தொகுப்புகள் அதற்கப்புறம் எத்தனையோ தடவை மாறிவிட்டன. ஆனால் ஒழுங்குவிதி ஒரு வெளி ஆவணத்தை ஆண்டோடு குறிப்பிட்டால் அந்த ஆண்டுப் பதிப்புதான் கணக்கு. இப்படிப்பட்ட பழைய ஆவணம் இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் மாவட்டச் சட்ட நூலகத்துக்குப் போங்கள். சான்ட்டா கிளாரா கவுன்டிக்குச் சான் ஹோசேயிலேயே ஒன்று இருக்கிறது, பொதுமக்கள் போகலாம். அங்கேயுள்ள நூலகர்களிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்கள், ஆனால் இருபது நிமிடத்தில் அவர்கள் எடுத்துக் கொடுப்பதை நீங்கள் இரண்டு நாள் தேட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பிரிவின் கீழும் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். யாரும் படிப்பதில்லை. என்னைக் கேட்டால் பிரிவைவிட அதுதான் முக்கியம். அது அந்த விதியின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. முதல் வரி, எந்தச் சட்டப்பிரிவு துறைக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது என்று சொல்லும். குழந்தைகள் காப்பக விதிகளில் அடிக்கடி 1596.81 என்று பார்ப்பீர்கள். இரண்டாவது, எந்தச் சட்டப்பிரிவை இது நடைமுறைப்படுத்துகிறது என்று சொல்லும். அதற்குக் கீழே வரலாறு: எப்போது வந்தது, எப்போது திருத்தப்பட்டது, எந்த ஆண்டின் எத்தனையாவது பதிவேட்டில் வெளியானது. சட்டப்பிரிவுகளை, மாநிலச் சட்டங்கள் இருக்கும் லெஜின்ஃபோ தளத்தில் போட்டுப் பாருங்கள். சட்டம் சமீபத்தில் மாறியிருந்து, ஒழுங்குவிதியின் வரலாறு பழைய ஆண்டோடு நின்றுவிட்டிருந்தால், இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் ஏதாவது இருக்கலாம். முட்டினால் சட்டமே வெல்லும்.

உங்கள் இரண்டாவது கேள்வி இதற்கு அருமையான உதாரணம். 14 குழந்தைகள் வரையிலான பெரிய குடும்பக் காப்பகத்துக்கு முன்பெல்லாம் நகராட்சிகள் தனி அனுமதி கேட்க முடிந்தது. 2019-இல் எஸ்பி 234 என்ற சட்டம் வந்தது. 2020 ஜனவரி 1 முதல் சின்னதும் பெரியதும் இரண்டுமே குடியிருப்புப் பயன்பாடாகவே கருதப்பட வேண்டும். நகராட்சி அதற்குத் தனியாக மண்டல (நிலப் பயன்பாட்டு) அனுமதியோ தொழில் உரிமமோ கட்டணமோ கேட்க முடியாது. பிரிவு 1597.45. உங்களிடம் வேறு மாதிரி சொன்னவர்கள் பழைய பக்கம் எதையாவது படித்திருக்கலாம், இல்லை அவர்கள் உரிமம் வாங்கிய காலத்து அனுபவமாக இருக்கலாம். பெரிய காப்பகத்துக்குத் தீயணைப்புத் துறையின் ஒப்புதல் மட்டும் வேண்டும், அதில் இப்போதும் மாற்றமில்லை.

சரி, கையேட்டுக்கு வருவோம். அதிகாரி காட்டும் வாசகம் கையேட்டில் மட்டும் இருக்கிறது, சட்டத்திலும் இல்லை, ஒழுங்குவிதியிலும் இல்லை என்றால்? கலிபோர்னியாவில் அதற்குத் 'தலைமறைவு ஒழுங்குவிதி' என்று பெயர். அரசுச் சட்டத் தொகுப்பின் 11340.5 பிரிவு அதைத் தடுக்கிறது: எல்லாருக்கும் பொதுவாகப் பொருந்துகிற, சட்டத்துக்கு விளக்கமோ விவரமோ கொடுக்கிற எதையும் முறைப்படி ஒழுங்குவிதியாக்காமல் ஒரு துறை அமல்படுத்தக் கூடாது. கையேடு, அறிவிப்பு, உத்தரவு என்று எந்தப் பெயர் வைத்தாலும் அதேதான். இந்த அளவுகோலை மாநில உச்ச நீதிமன்றம் 1996-இல் டைட்வாட்டர் மரைன் வழக்கில் தெளிவாக வகுத்தது. தொழிலாளர் துறையின் கையேட்டிலிருந்த ஒரு கொள்கை செல்லாது என்று அங்கே தீர்ப்பானது. வழக்குப் போட்ட கப்பல் நிறுவனங்கள் அதனால் தப்பித்துவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள். கையேடு செல்லாவிட்டாலும் ஊதிய ஆணைகள் தம்மளவிலேயே அவர்களுக்குப் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையேட்டைத் தகர்ப்பதில் காட்டும் ஆர்வத்தை அதற்குப் பின்னால் நிற்கும் சட்டத்தைப் படிப்பதிலும் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழக்கை நான் எல்லாருக்கும் சொல்வேன்.

விலக்குகளும் உண்டு. துறையின் உள் நிர்வாகம் பற்றிய குறிப்புகள், சட்டத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும் என்ற நிலையில் அதைத் திருப்பிச் சொல்வது, இவையெல்லாம் தலைமறைவு விதியாகாது. சில சட்டங்கள், "ஒழுங்குவிதி வரும்வரை அறிவிப்புகள் மூலமே நடத்திக்கொள்ளலாம்" என்று துறைக்கு வெளிப்படையாகவே அனுமதி கொடுத்துவிடும். சமூகசேவைத் துறை சம்பந்தப்பட்ட சட்டங்களில் இது அடிக்கடி வரும், ஆகவே 'பின்' என்றாலே வெறும் காகிதம் என்று ஒதுக்க வேண்டாம். எந்தச் சட்டத்தை அது மேற்கோள் காட்டுகிறது என்று பாருங்கள். தலைமறைவு விதிதான் என்று தோன்றினால் ஓஏஎல்லிடம் மனுக் கொடுக்கலாம், செலவில்லை. அவர்களுடைய முடிவு நீதிமன்றத் தீர்ப்பு அல்ல என்றாலும் நீதிமன்றங்கள் அதற்கு மதிப்புக் கொடுக்கின்றன. உங்கள் குளத்துக்கு இந்தக் கஷ்டமெல்லாம் தேவையில்லை. பிரிவிலேயே மூடி இருக்கிறது. ஆய்வறிக்கையில் மேல்முறையீட்டுக்கும் சரிசெய்வதற்கும் போட்டிருக்கும் கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள்.

இனி வாட்ஸ்அப் செய்தி. விதி ரகசியமாக மாற முடியாது. துறை மாற்றம் கொண்டுவர நினைத்தால் ஓஏஎல் வெள்ளிக்கிழமைதோறும் வெளியிடும் ஒழுங்குவிதி அறிவிப்புப் பதிவேட்டில் அது வந்தாக வேண்டும். கூடவே வரைவும், ஏன் இந்த மாற்றம் என்ற காரண அறிக்கையும் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும். அதிலிருந்து குறைந்தது 45 நாள் கருத்துச் சொல்லலாம். பொது விசாரணை அறிவிக்காமல் இருந்தால், கருத்துக்காலம் முடிய 15 நாளுக்கு முன்னதாக யாராவது எழுத்தில் கேட்டால் நடத்தியே ஆக வேண்டும். வரைவைத் திருத்தினால், அந்தத் திருத்தம் முதல் அறிவிப்போடு சம்பந்தமுள்ளதாக இருக்கும்வரை, இன்னொரு 15 நாள் அவகாசம். இவையெல்லாவற்றையும் அறிவிப்பு வந்த ஒரு வருடத்துக்குள் முடித்து ஓஏஎல்லுக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்கு 30 வேலைநாள். ஒப்புதலானால் பொதுவாக ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் ஏதாவது ஒன்றில் அமலுக்கு வரும். அவசர விதி மட்டும் இந்த வரிசையில் வராது. கருத்துச் சொல்ல ஐந்தே நாள்தான் கிடைக்கும், ஓஏஎல் பத்து நாளில் முடிவெடுக்கும், முதலில் 180 நாள் செல்லும். குழுவில் வந்த செய்தியைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லை என்றால், அது துறை இன்னும் உள்ளுக்குள் பேசிக்கொண்டிருக்கும் யோசனையாக இருக்கலாம், சட்டமன்றத்தில் நிற்கும் மசோதாவாக இருக்கலாம், இல்லை சும்மா புரளி.

கருத்தைக் கேட்பார்களா என்றால், படித்தே ஆக வேண்டும். வந்த ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் பரிந்துரைக்கும் இறுதிக் காரண அறிக்கையில் துறை பதில் எழுத வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். பதில் இல்லாமல் கோப்பு போனால் ஓஏஎல் திருப்பி அனுப்பலாம். ஆனால் ஓஏஎல் பார்ப்பது ஆறு விஷயங்களைத்தான்: அவசியம், அதிகாரம், தெளிவு, மற்ற சட்டங்களோடு முரணாமை, சட்ட மேற்கோள், இருப்பதையே திரும்ப எழுதாமை. விதி நல்லதா கெட்டதா என்பது அவர்கள் கேள்வி இல்லை. அதனால்தான் "எங்களுக்கு ரொம்பக் கஷ்டம்" என்று நூறு பேர் ஒரே கடிதத்தை அனுப்புவது வீண். ஒரே ஒருவர், "இந்தப் பிரிவில் 'நீர்நிலை' என்பது வாளித் தண்ணீரையும் குறிக்குமா என்று தெரியவில்லை, இந்தச் சொற்களைச் சேர்த்தால் தெளிவாகும்" என்று எழுதினால் அது தெளிவைத் தொடுகிறது. "இந்த வேலிக்கு என் வீட்டில் இவ்வளவு செலவு, ரசீது இணைத்துள்ளேன், இதே பாதுகாப்பை இந்த வழியில் குறைந்த செலவில் தரலாம்" என்றால் அது அவசியத்தைத் தொடுகிறது. சிறுதொழிலுக்குப் பாரம் குறைந்த மாற்றுவழிகளைப் பரிசீலிக்கத் துறை கடமைப்பட்டிருக்கிறது. காப்பகம் நடத்துபவருக்கு மட்டுமே தெரிந்த விவரம் என்று ஒன்று இருக்கும், அதை எழுதுங்கள். ஆங்கிலம் இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை.

யாரும் விதியை மாற்றும் பேச்சையே எடுக்கவில்லை, ஆனால் மாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 11340.6 பிரிவின்படி யார் வேண்டுமானாலும் துறைக்கு மனுக் கொடுக்கலாம். என்ன மாற்றம், ஏன், துறைக்கு அதற்கு எந்தச் சட்டத்தில் அதிகாரம் என்று மூன்றையும் எழுதினால் போதும். அந்த மூன்றாவதைத்தான் குறிப்பில் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களே. 30 நாளுக்குள் துறை எழுத்தில் காரணத்தோடு மறுக்க வேண்டும், இல்லையென்றால் முறையான விதி உருவாக்கத்துக்கு நாள் குறிக்க வேண்டும். 1994 கட்டடத் தொகுப்பை இன்னும் தூக்கிக்கொண்டிருக்கும் அந்த வரியை உங்கள் குழுவிலிருந்து யாராவது இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.