‘கிட்டத்தான்’ என்றால் எவ்வளவு தூரம்?

கேள்வி: 68 வயது அம்மாவுடன் திருச்சியிலிருந்து முதல் தடவையாக யாழ்ப்பாணம் வருகிறேன். நான்கு நாள் தங்குவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் காலையும் மாலையும் நடக்காமல் இருக்க மாட்டார். எல்லா விடுதிகளும் ‘நகர மையத்தில் இருக்கிறோம்’ என்கின்றன. எந்தப் பக்கம் தங்கலாம்?

பதில்: நல்லூர்ப் பக்கம் பாருங்கள். திருவிழாக் காலம் என்றால் மட்டும் வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ‘மையம்’. யாழ்ப்பாணத்தில் டவுண் என்றால் பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதி. நல்லூர்க் கோவில் அங்கிருந்து இரண்டு கிலோமீற்றருக்கு மேல். இரண்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் விடுதிக்காரர் மையம் என்றுதான் சொல்வார். ‘கிட்டத்தான்’ என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். எங்கள் ஊரில் அது மோட்டார் சைக்கிளில் அளந்த தூரம்.

டவுணில் தங்கினால் பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், கோட்டை எல்லாம் நடை தூரம். ஆனால் பகலில் நடைபாதையைக் கடைச் சாமான்களும் நிறுத்திய வண்டிகளும் பிடித்திருக்கும். கடைகள் பூட்டியதும் தெரு வெறிச்சோடிவிடும். டவுணைப் பார்க்க ஒரு மாலை போதும்: வெயில் தாழ ஓட்டோவில் நூலகத்தடியில் இறங்குங்கள், கோட்டையைப் பார்த்துவிட்டுப் பண்ணைக் கடலோரத்தில் காற்று வாங்குங்கள்.

நல்லூரில் விடியற்காலைப் பூசைக்குப் போகிறவர்களால் வீதி நேரத்தோடு விழித்துவிடும். அம்மா தனியாக நடந்தாலும் துணைக்கு ஆள் இருக்கும். தரை சமதரை, கோவிலைச் சுற்றிய வீதி அகலம், சைவச் சாப்பாடு பக்கத்திலேயே கிடைக்கும், பின்னேரம் ஐஸ்கிறீம் கடைகளில் கூட்டம். பழைய இராசதானியின் மிச்சங்களான சங்கிலியன் தோப்பு வளைவும் யமுனா ஏரியும் அதே பக்கம்தான். ஒரு காலை நடையில் பார்த்துவிடலாம். பதினொரு மணிக்குப் பிறகு மட்டும் வெளியே இறங்காதீர்கள். வெயில் கொளுத்தும்.

நல்லூர் என்று முடிவெடுத்த பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அதுதான் ஒழுங்கை, உங்கள் ஊரில் சந்து என்பது. இரண்டு பக்கமும் ஆளுயர மதில், நடைபாதை கிடையாது, எதிரே ஓட்டோ வந்தால் மதிலோடு ஒட்டி நிற்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் நாய்களின் ராச்சியம். வரைபடத்தில் கோவிலுக்கு 600 மீற்றர் என்று காட்டும் விடுதி நாலு ஒழுங்கை திரும்பி உள்ளே இருந்தால், அம்மா இரண்டாம் நாளே நடப்பதை விட்டுவிடுவார். ஆகவே கோவில் வீதி, பருத்தித்துறை வீதி போன்ற பெரிய தெருவிலிருந்து ஒரே ஒரு திருப்பத்தில் இருக்கும் இடமாக எடுங்கள்.

இதைச் சோதிக்க நான் ஒரே கேள்விதான் கேட்பேன். விடுதிக்குப் போன் எடுத்து, “காலை ஆறு மணிக்கு ஒரு பிளேன்ரீ குடிக்க எங்கே நடந்து போகலாம்?” என்று கேளுங்கள் (பிளேன்ரீ என்றால் பால் விடாத தேநீர்). “வெளிக்கிட்டு இடப்பக்கம் திரும்புங்கோ, மூன்றாவது கடை” என்றால் சரி. “ஓட்டோ பிடிச்சுத் தாறம்” என்றால் வேறு இடம் தேடுங்கள்.

அப்புறம் திருவிழா. ஆடி, ஆவணியில் 25 நாள். அப்போது கோவிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விட மாட்டார்கள். விவரம் தெரியாமல் ஒரு வருடம் என் பெரியம்மாவைக் கோவிலருகே ஒரு விடுதியில் தங்க வைத்தேன். தடுப்புக் கட்டையடியில் ஓட்டோக்காரர் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பெட்டியையும் சனத்துக்குள்ளால் நான்தான் இழுத்தேன். அந்த நாட்களில் வருவதாக இருந்தால் சுண்டிக்குளிப் பக்கம் எடுங்கள். அங்கே அமைதி, மர நிழலும் உண்டு.

கீரிமலை, நயினாதீவு, காரைநகர்க் கடற்கரை எதற்கும் எங்கே தங்கினாலும் வாகனம் வேண்டும். அவற்றை நினைத்து பஸ் நிலையத்தடியில் அறை எடுக்காதீர்கள்.