ரோமானியக் கல்லறையில் ‘ஏப்ரல் காலண்டேவுக்கு முன் ஆறாம் நாள்’: அது எந்தத் தேதி?

கேள்வி: ஒரு ரோமானியக் கல்லறை வாசகத்தைத் தமிழாக்குகிறேன். இறந்த நாள் ‘ஏப்ரல் காலண்டேவுக்கு முன் ஆறாம் நாள்’ என்று இருக்கிறது. ஏப்ரல் 6 என்று போடலாமா, மார்ச் 26-ஆ?

பதில்: இரண்டும் இல்லை, மார்ச் 27.

ரோமானியர்கள் நம்மைப் போல 1, 2, 3 என்று தேதி எண்ணவில்லை. மாதத்துக்கு மூன்று நாள்களுக்கு மட்டும் பெயர் வைத்து, அடுத்து வரும் பெயருள்ள நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பின்னோக்கி எண்ணினார்கள். 1-ஆம் தேதி காலண்டே. கடனுக்கு வட்டி கட்டும் நாள் அதுதான். அதனால் கடன் கணக்குப் புத்தகத்துக்குக் ‘காலண்டாரியும்’ என்று பெயர் வந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் அந்தச் சொல்லின் வழியில் வந்ததுதான். 5-ஆம் தேதி நோனே, 13-ஆம் தேதி ஈடுஸ். மார்ச், மே, ஜூலை, அக்டோபரில் மட்டும் இவை 7, 15. சீசர் கொல்லப்பட்ட மார்ச் ஈடுஸ் 15-ஆம் தேதியானது இதனால்தான்.

இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். ஏப்ரல் 1 ஒன்று, மார்ச் 31 இரண்டு, 30 மூன்று, 29 நான்கு, 28 ஐந்து, 27 ஆறு. தொடங்கும் நாளையும் அவர்கள் சேர்த்தே எண்ணுவார்கள். பலரும் தவறுவது இங்கேதான், 26 என்று உங்களுக்கு வந்ததும் இப்படித்தான். ஈடுஸுக்கு முந்தைய நாள் ‘இரண்டாம் நாள்’ ஆக வேண்டும்; ஆனால் அதை ‘பிரிதியே’, அதாவது முந்தின நாள், என்றே எழுதினார்கள்.

விரல் போதாதபோது ஒரு கணக்கு: காலண்டே என்றால் முந்தைய மாதத்தின் நாள்களோடு 2 கூட்டி, கல்லில் உள்ள எண்ணைக் கழியுங்கள். 31 + 2 - 6 = 27. நோனே, ஈடுஸ் என்றால் அவை விழும் தேதியோடு 1 கூட்டிக் கழித்தால் போதும்.

அப்புறம், காலத்தையும் பாருங்கள். கி.மு. 45-இல் சீசரின் காலண்டர் நடைமுறைக்கு வருவதற்கு முன் ஜனவரி, ஆகஸ்ட், டிசம்பருக்கு 29 நாள்கள்தான். மார்ச்சுக்கு அப்போதும் 31 என்பதால் உங்கள் தேதிக்குச் சிக்கல் இல்லை. மற்ற கல்வெட்டுகளுக்கு, கான்சல்கள் (ரோமின் தலைமை ஆட்சியாளர்கள்) இருவரின் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ரோமானியர்கள் ஆண்டைக் குறித்தது அந்தப் பெயர்களால்தான்.