விசிலைக் கையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: அன்பின் அக்கா, மாங்குளத்துக்கு அருகே எங்கள் கோவில் பங்கின் இளைஞர் ஒன்றியத்துக்கு நான் பொறுப்பு. ஞாயிறு மாலைகளில் 30 பேர் வரை வருகிறார்கள். சங்கீதக் கதிரை வைத்தால் பத்து நிமிடத்தில் பாதிப்பேர் கைத்தொலைபேசியோடு ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் எழும்புவதே இல்லை. செயற்கைக் கால் பொருத்திய தம்பி ஒருவனும் வருகிறான். என்ன விளையாட்டு வைக்கலாம்?
– ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கதிரைகளை அடுக்கி வையுங்கள். தோற்றவரை வெளியே அனுப்பும் விளையாட்டு, கூச்சப்படுகிற பிள்ளையைத்தான் முதலில் அனுப்பும்.

பழைய படுக்கை விரிப்பு இரண்டும் ஒரு ரப்பர் பந்தும் போதும். விரிப்புக்கு எட்டுப் பேர், சுற்றிவரப் பிடிக்கட்டும். ஒரு விரிப்பிலிருந்து எற்றுகிற பந்தை மற்ற விரிப்பு ஏந்த வேண்டும். ஒருவர் கை தளர்ந்தாலும் துணி அந்தப் பக்கம் சரிந்து பந்து உருண்டு விழுந்துவிடும். அதனால் பேசாத பிள்ளையும் "இழு, இழு" என்று கத்தத் தொடங்கிவிடும். ஓட்டம் இல்லை; அந்தத் தம்பியும் ஒரு மூலையைப் பிடிக்கலாம். முடிந்ததும் அதே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து, முடக்குவாதக்காரரை நால்வர் இயேசுவிடம் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கிய பகுதியை (மாற்கு நற்செய்தி 2) வாசியுங்கள். விளக்கம் சொல்லத் தேவையில்லை. கைகளில் இன்னும் அந்த இழுவை இருக்கும்.

அடுத்த கிழமை கிளித்தட்டு: ஓர் அணி கோடுகளில் நின்று மறிக்க, மற்ற அணி தொடுபடாமல் தாண்டிப் போகும் விளையாட்டு. சாம்பலால் கோடு கீறுங்கள். மறிக்கும் அணியில் கிளி எனப்படுபவர் நடுக்கோட்டில் ஓடுவார். அந்த அணியின் மற்றவர்கள் தத்தம் குறுக்குக் கோட்டில் நின்று மறிப்பார்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு தட்டு கீறிக் கொடுங்கள். பெற்றோர் வேலிக்கரையில் நின்று பார்க்கிற ஊர்களில், கலந்து விளையாடச் சொன்னால் பிள்ளைகள் உட்கார்ந்தே இருந்துவிடுவார்கள். தனித் தட்டு என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவார்கள்.

அந்தத் தம்பியை மட்டும் நடுவராக்கிவிடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் அப்படித்தான் செய்தேன். கால் இழந்த ஒரு பிள்ளையிடம் விசிலைக் கொடுத்து, பெரிய பொறுப்பு என்றேன். மூன்று கிழமை ஊதினான். நான்காம் கிழமை விசிலைத் தங்கையிடம் கொடுத்தனுப்பிவிட்டான். அவன் என்ன விளையாட விரும்பினான் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. நீங்கள் கேளுங்கள், தனியாக, மற்றவர்கள் இல்லாத நேரத்தில். கடைசிக் கோட்டை மறிக்கிறேன் என்று அவனே சொல்லவும் கூடும்.

மழைக்காலத்தில் மண்டபத்துக்குள் ஊமை நடிப்பு வையுங்கள். இயேசுவைப் பார்க்கச் சக்கேயு மரம் ஏறுவதை நடிக்க யாரும் கூச்சப்படுவதில்லை.

நான்கு மணிக்கே தொடங்கிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் யானை நடமாடும் வீதிகள் உண்டு. சைக்கிளில் வருகிற பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர வேண்டும்.